எச்.ஐ.வி.யும் கண்ணும்: வலிக்காமல் வரும் பார்வை இழப்பு

எச்.ஐ.வி. பற்றிய பேச்சில் கண் வந்தால், பேச்சு இரண்டு ஓரங்களில் போய் நிற்கிறது. "அது வந்தால் கடைசியில் கண் தெரியாமல் போய்விடும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலம், இப்போதுதான் மாத்திரை இருக்கிறதே" என்பார் இன்னொருவர். கண்ணீர் பட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்களும் உண்டு. கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய். முதல் இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி யாருக்குப் பொருந்தும் என்பதை ஓர் இரத்தப் பரிசோதனையின் எண் சொல்லிவிடும்.

இவற்றைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. கண் சிவந்தால், வலித்தால், நீர் வடிந்தால்தான் ஆபத்து என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். எச்.ஐ.வி. முற்றிய நிலையில் பார்வையை அதிகம் பறித்த நோய் சிவப்பும் இல்லாமல் வலியும் இல்லாமல் வருவது. அது ஏன் அப்படி வருகிறது என்று புரிந்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும்.

## எண்ணிலிருந்து தொடங்குவோம்

எச்.ஐ.வி. வைரஸ் குறிவைப்பது சி.டி.4 அணுக்களை. இவை வெள்ளை அணுக்களில் ஒரு வகை. கிருமி வந்திருப்பதை அறிந்து மற்ற எதிர்ப்பு அணுக்களை வேலைக்கு ஏவுவது இவற்றின் பணி. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை எத்தனை என்று எண்ணுவதே சி.டி.4 பரிசோதனை. ஆரோக்கியமான பெரியவருக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். சிகிச்சை எடுக்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் இது மெல்ல இறங்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை என்கிறார்கள். கண்ணைப் பொறுத்தவரை அதற்கும் கீழே உள்ள 100, 50 என்ற இரண்டு படிகள் முக்கியமானவை.

வயலில் கோரையைக் களைந்தவர்களுக்குத் தெரியும்: மேலே இருக்கும் புல்லைப் பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஆள்விட்டுக் களையெடுத்துக்கொண்டிருக்கும் வரை அது தலைகாட்டாது. இரண்டு மூன்று தடவை களையெடுப்பு நின்றுபோனால் வயல் முழுக்கக் கோரைதான். சிறு வயதில் நம் உடலுக்குள் புகுந்த பல கிருமிகளும் இப்படித்தான் சாகாமல் கிடக்கின்றன. சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்குகிறது. சி.எம்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சைட்டோமெகலோ வைரஸ் வெள்ளை அணுக்களின் மூலச் செல்களில் தங்குகிறது. சி.டி.4 குறையும்போது இவை எழுகின்றன. உடல் பலவீனமான சமயம் பார்த்துத் தாக்குவதால் இவற்றைச் சந்தர்ப்பவாதத் தொற்றுகள் என்கிறோம்.

அடுத்தது சிவப்பு. கண் சிவப்பதையும் வீங்குவதையும் வலிப்பதையும் பெரும்பாலும் கிருமி நேரடியாகச் செய்வதில்லை. கிருமியோடு மோதும் நம் எதிர்ப்பு அணுக்கள்தான் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, நீரைக் கசியவிட்டு அந்த இடத்தைக் கொதிக்க வைக்கின்றன. சண்டை போட ஆள் இல்லாத கண் சிவக்காது. அதோடு விழித்திரையில், அதாவது கண்ணின் பின்சுவரில் ஒளியை உணரும் மெல்லிய படலத்தில், வலியை உணரும் நரம்புகளே கிடையாது. எதிர்ப்பு சக்தி வற்றிய ஒருவரின் விழித்திரை அழுகினாலும் வெளியே கண் பளிச்சென்று இருக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: எச்.ஐ.வி. கண்ணை நேரடியாகக் குருடாக்குவது அரிது. சி.டி.4-ஐக் குறைத்து, உள்ளே கிடந்த வேறு கிருமிகளுக்கு வழிவிடுகிறது. அந்த நிலையில் அமைதியான கண்ணை நல்ல கண் என்று நம்பிவிடக் கூடாது.

## பஞ்சுப் புள்ளிகள்: ஆபத்தில்லாத எச்சரிக்கை

எச்.ஐ.வி.யை அடக்கப் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) வருவதற்கு முன் எய்ட்ஸ் நிலையில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் விழித்திரையில் வெள்ளை வெள்ளையாகச் சிறு புள்ளிகள் தெரிந்தன. இதுதான் எச்.ஐ.வி. விழித்திரை நோய். மிக நுண்ணிய இரத்தக் குழாய் ஒன்று அடைபடுகிறது. அது ஊட்டம் கொடுத்த நரம்பிழைகளில் உள்ளே நகரும் பொருட்கள் தேங்கி, அந்த இடம் உப்பி வெளுக்கிறது. பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல ஓரம் மங்கலாகத் தெரியும்.

இதனால் பார்வையில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. 6 முதல் 8 வாரங்களில் தானாக மறையும். தனி மருந்து கிடையாது. சர்க்கரை நோயிலும் இரத்தக் கொதிப்பிலும் இதே புள்ளிகள் வரும் என்பதால், பார்த்தவுடன் எச்.ஐ.வி. என்று முடிவுகட்டவும் முடியாது. ஆனால் சர்க்கரையும் கொதிப்பும் இல்லாத இளவயதுக்காரரின் கண்ணில் இதைக் கண்டால், எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சொல்வது கண் மருத்துவரின் கடமை. தொற்று இருப்பதே தெரியாமல் கண்ணாடி மாற்ற வந்தவருக்கு இப்படித் தெரியவந்தால், அதைவிடக் கொடிய சி.எம்.வி. வருவதற்கு முன்பே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

## சி.எம்.வி.: சத்தமில்லாமல் அரிப்பது

நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரின் உடலில் சி.எம்.வி. இருக்கிறது. எச்சில், தாய்ப்பால் வழியாகக் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும். பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சலாக வந்துபோகும், அல்லது அதுகூடத் தெரியாது. சி.டி.4 எண்ணிக்கை 50-க்குக் கீழே இறங்கும்போதுதான் இது விழித்திரையைப் பிடிக்கிறது. கூட்டு மருந்து வந்த 1996-க்கு முன் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளில் பத்தில் மூன்று பேர் அளவுக்கு இதற்கு ஆளானார்கள். இந்தியாவில் எய்ட்ஸ் நோயாளிகளின் கண் பாதிப்பு பற்றிய முதல் மருத்துவ அறிக்கை, இரண்டு நோயாளிகளைப் பற்றியது, 1995-ல் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்து வெளிவந்தது.

வைரஸ் இரத்தம் வழியாக விழித்திரைக்கு வந்து, செல்லுக்குள் பெருகி அதைக் கொன்று, பக்கத்துச் செல்லுக்குப் போகிறது. செத்த இடம் வெளுக்கிறது. இரத்தக் குழாய் உடைந்த இடங்களில் சிவப்புக் கறை படிகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் இந்த விளிம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 மைக்ரான் நகரும். மாதத்துக்கு முக்கால் மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நாம் எழுத்து படிக்கவும் முகம் அடையாளம் காணவும் பயன்படுத்தும் மையக்குழியின் குறுக்களவே ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அறிகுறி. விழித்திரையின் ஓரத்தில் தொடங்கினால் வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரிவரை படித்துவிடுவார்கள். பிறகு கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள் மிதக்கும். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரியும். ஒரு பக்கம் நிழல் விழுந்து, அந்தப் பக்கம் வருகிறவர் திடீரென்று முளைத்ததுபோல் தோன்றுவார். மையத்திலோ பார்வை நரம்பின் அருகிலோ தொடங்கினால் மங்கல் உடனே தெரியும்.

வழக்கமாக நடக்கும் தவறு இங்கேதான். ஒரு கண் கெட்டால் மற்றக் கண் ஈடுகொடுத்துவிடும். ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் நாள்வரை அடுத்த கண் போனது தெரியாது. சி.டி.4 100-க்குக் கீழே உள்ளவர்கள் வாரம் ஒருமுறை, ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, சுவரில் உள்ள நாள்காட்டியையே பார்த்தபடி அறையின் நான்கு மூலைகளும் ஓரக்கண்ணில் தெரிகின்றனவா என்று கவனிக்கலாம். இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று இல்லை. ஆனால் செலவில்லாதது, ஒரு நிமிட வேலை.

## சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது

செத்த விழித்திரை திரும்ப முளைக்காது. மருந்து செய்வதெல்லாம் நகரும் விளிம்பை நிறுத்துவதுதான். "மாத்திரை சாப்பிட்டும் பார்வை கூடவில்லையே" என்று பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வால்கேன்சைக்ளோவிர் என்ற மாத்திரைதான் இப்போது அதிகம் பயன்படுகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் 900 மி.கி., அதாவது 450 மி.கி. மாத்திரை இரண்டு, காலையும் இரவும் உணவோடு, 2 முதல் 3 வாரங்கள். பிறகு நாளுக்கு ஒருமுறை 900 மி.கி. புண் மையக்குழிக்கோ பார்வை நரம்புக்கோ அருகில் இருந்தால் மாத்திரை இரத்தத்தில் ஏறும்வரை காத்திருக்க நேரமில்லை. கேன்சைக்ளோவிர் 2 மி.கி. ஊசியைக் கண்ணுக்குள்ளேயே போடுவார்கள். மரத்துப்போகும் சொட்டுக்குப் பிறகு போடுவதால், பயப்படும் அளவுக்கு வலிக்காது. ஆனால் ஊசி போட்ட கண்ணை மட்டுமே அது காக்கும். வைரஸ் இரத்தத்தில் இருக்கிறது. அடுத்த கண்ணும் குடலும் அதே ஆபத்தில்தான் இருக்கின்றன. ஊசி மட்டும் போதும் என்று மாத்திரையை விடுவது இதனால்தான் தப்பு.

இந்த மருந்து எலும்பு மஜ்ஜையை அமுக்கும். வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் குறையும். ஆரம்பத்தில் வாரம் ஒருமுறையாவது இரத்த அணு எண்ணிக்கை பார்க்காமல் இதைக் கொடுக்கக் கூடாது. கூட்டு மருந்தில் ஜிடோவுடின் இருந்தால் அதுவும் மஜ்ஜையைத் தாக்குவது. இரண்டும் சேர்ந்தால் இரத்தசோகை வேகமாக வரும். கண் மருத்துவருக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கும் ஒருவர் எழுதியதை மற்றவர் அறிவது இங்கே உயிர் விஷயம்.

எப்போது நிறுத்தலாம்? கூட்டு மருந்தால் சி.டி.4 100-ஐத் தாண்டி, 3 முதல் 6 மாதங்கள் அங்கேயே நின்று, புண்ணும் ஆறித் தழும்பானால், மருத்துவர் நிறுத்தச் சொல்வார். உண்மையான மருந்து கூட்டு மருந்துதான். மற்றது அதுவரை தாக்குப்பிடிக்க.

ஆறிய பின்னும் ஒரு கண்ணி இருக்கிறது. தழும்பான விழித்திரை வெங்காயத் தோல் அளவுக்கு மெலிந்து ஓட்டை விழலாம். கண்ணுக்குள் உள்ள நீர் அந்த ஓட்டை வழியே பின்னால் புகுந்து விழித்திரையைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். பூச்சிகள் திடீரெனக் கூடுவதும் ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதும் இதன் அறிகுறி. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓட்டைகள் பல இருப்பதால், கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பி விழித்திரையை அமுக்கி வைக்கும் அறுவை சிகிச்சைதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

சுருக்கமாக: மாத்திரை பரவலை நிறுத்தும், கூட்டு மருந்து திரும்ப வராமல் காக்கும், போன பகுதி போனதுதான்.

## எதிர்ப்பு சக்தி திரும்பும்போது கலங்கும் கண்

கூட்டு மருந்து தொடங்கிச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, சி.டி.4 ஏறிக்கொண்டிருக்கும்போதே கண் மங்கினால் நோயாளி என்ன நினைப்பார்? "இந்த மருந்துதான் கண்ணைக் கெடுத்தது" என்றுதான். பலர் மருந்தை நிறுத்துவதும் இப்போதுதான்.

நடப்பது வேறு. முன்பு சி.எம்.வி. வந்து ஆறிய கண்ணில் வைரஸின் எச்சங்கள் கிடக்கின்றன. திரும்பி வந்த எதிர்ப்பு அணுக்கள் இப்போதுதான் அவற்றைப் பார்க்கின்றன. அன்று போடாத சண்டையை இன்று போடுகின்றன. கண்ணுக்குள் கலங்கல், மையப்பகுதியில் நீர்க்கோவை, பிறகு கண்புரை என்று வரும். எதிர்ப்பு மீட்சி அழற்சி என்று இதைச் சொல்லலாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ கண்ணைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசியோ கொடுத்து அடக்குவார்கள். கூட்டு மருந்தை நிறுத்தவே கூடாது.

## எண் நன்றாக இருந்தாலும் வருபவை

சி.டி.4 300, 400 என்று இருப்பவருக்கும் சில வரும். முதலாவது அக்கி. நரம்பு முடிச்சில் கிடந்த சின்னம்மை வைரஸ் எழுந்து, நெற்றி, மேல் இமை, மூக்கின் ஒரு பக்கம் என்று முகத்தின் பாதியில் மட்டும் எரிச்சலோடு கொப்புளமாக வெடிக்கும். மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணுக்குள்ளும் பாதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இரண்டுக்கும் போவது ஒரே நரம்புக் கிளை. அசைக்ளோவிர் 800 மி.கி. நாளுக்கு 5 முறை, 7 முதல் 10 நாட்கள். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி குழைத்து அக்கி எழுதிவிட்டுக் காத்திருப்பதில் போகிறது அந்த மூன்று நாள். எழுதுவதை எழுதட்டும், மாத்திரையும் அன்றே தொடங்கட்டும். 50 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு முகத்தில் அக்கி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

சிபிலிஸ் எனும் மேகநோய் எந்தச் சி.டி.4 எண்ணிலும் கண்ணைத் தாக்கும். எச்.ஐ.வி.யைப் போலவே அதுவும் உடலுறவு வழியாகப் பரவுகிறது. கண்ணில் இது எல்லா நோய்களின் வேஷத்தையும் போடும்: சில சமயம் சிவப்பு, சில சமயம் வெறும் மங்கல். இரத்தப் பரிசோதனை செய்யாமல் ஸ்டீராய்டு சொட்டு மட்டும் கொடுத்து மாதங்களை வீணாக்குவதுதான் இதில் நடக்கும் பெருந்தவறு. பென்சிலினை நரம்பு வழியாக 10 முதல் 14 நாட்கள் ஏற்றினால் குணமாகும். கண்ணைக் கெடுக்கும் எச்.ஐ.வி. சார்ந்த நோய்களில் பார்வை நன்றாகத் திரும்ப வாய்ப்புள்ளவற்றில் இதுவும் ஒன்று, காலத்தில் பிடித்தால்.

காசநோய் நம் நாட்டில் எச்.ஐ.வி.யோடு கூடவே நடப்பது. விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தப் படலத்தில் மஞ்சள் முண்டுகளாக அது தெரியும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் கண்ணைவிட மூளையைத்தான் முதலில் பிடிக்கும். தலைவலி, வாந்தியோடு பொருட்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளை விழியில் வளரும் சதையில் ஒரு வகை புற்றுநோயாக இருக்கலாம். வெட்டி எடுத்த துண்டைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

## மருந்தே காரணமாகும் இடங்கள்

இப்போது பெரும்பாலோர் எடுக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் கண்ணைக் கெடுப்பதற்குப் பெயர் பெற்றவை அல்ல. கூடவே எடுக்கும் காசநோய் மருந்துகளில்தான் கவனம் வேண்டும். எத்தாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தாக்கலாம். அளவும் மாதங்களும் கூடக்கூட ஆபத்து கூடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் அதிகம். இரண்டு கண்ணிலும் வலியில்லாமல் நடுப்பகுதி மங்கும், சிவப்பும் பச்சையும் வெளிறும். தொடங்கும் முன்பே பார்வையும் நிறப் பார்வையும் பதிவுசெய்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். மங்கல் தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொல்லி அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்த வேண்டும். பலருக்கும் பார்வை ஓரளவு திரும்பும். சில கூட்டு மருந்துகளோடு ரிஃபாம்பிசின் ஒத்துவராததால் கொடுக்கும் ரிஃபாபுடின், கண்ணைச் சிவக்க வைத்து வலியோடு அழற்சி உண்டாக்கும். அது கிருமியால் வந்தது அல்ல. அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ அடங்கும்.

## பரவுவது பற்றி இரண்டு வரி

கண்ணீரால் எச்.ஐ.வி. பரவியதாக இதுவரை ஒரு நிகழ்வுகூடப் பதிவாகவில்லை. ஒரே தலையணை, ஒரே துண்டு, அழும் குழந்தையைத் துடைப்பது எதிலும் ஆபத்தில்லை. எச்.ஐ.வி. உள்ளவர் கண்புரை அறுவை செய்துகொள்ளலாம். கண்தானம் மட்டும் செய்ய முடியாது; கண் வங்கிகள் கருவிழியை எடுத்ததும் தானம் தந்தவரின் இரத்தத்தைச் சோதித்துவிடும்.

## பரிசோதனைக்குப் போகும்போது

எச்.ஐ.வி. உறுதியானதும் ஒருமுறை முழுக் கண் பரிசோதனை. சி.டி.4 50-க்குக் கீழே இருந்தால், ஒன்றும் தெரியாவிட்டாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை. எண் நன்றாக ஏறி நிற்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்து அரசு மையங்களில் இலவசம். 2017 முதல் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியானவுடனே தருகிறார்கள். இன்றைக்கும் 50-க்குக் கீழே வருகிறவர்கள் தாமதமாகப் பரிசோதித்தவர்களும் மருந்தை நடுவில் விட்டவர்களும்தான். பரிசோதனை அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசம். 1097 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

கடைசி சி.டி.4 அறிக்கை, வைரஸ் அளவு அறிக்கை, எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும், கூட்டு மருந்து தொடங்கிய தேதி ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கண் மருத்துவரிடம் எச்.ஐ.வி.யை மறைத்தால் அவர் வேறு நோயைத் தேடுவார். 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின்படி, இதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கவும் கூடாது, அனுமதியின்றி மற்றவரிடம் சொல்லவும் கூடாது.

கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு போட்டு 20, 30 நிமிடம் உட்கார வைப்பார்கள். பிறகு நான்கைந்து மணி நேரம் கிட்டத்து எழுத்து தெரியாது, வெயில் கூசும். வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவர் வரட்டும். சொட்டு போடாமல் கேமராவில் ஒரு படம் எடுத்துவிட்டு "எல்லாம் சரி" என்று அனுப்பினால் விடாதீர்கள். வழக்கமான கேமரா பிடிப்பது மையத்தைச் சுற்றிய 45 பாகை மட்டும். சி.எம்.வி. பெரும்பாலும் அதற்கு வெளியேதான் தொடங்குகிறது. "ஓரம்வரை பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள், பார்த்தவர் ஆமாம் என்று சொல்லி, சீட்டில் எழுதியும் கொடுப்பார்.